மூன்றாவது நிமிடம்

என் முதல் படத்தைப் பற்றி சிஸ்டர் எழுதியது ஒன்பது வரி. அந்த ஒன்பது வரியும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"படம் ஏழு நிமிடம். முதல் இரண்டு நிமிடம் முட்டத்துக் கடல். அடுத்த ஒரு நிமிடம் பாறை மேலிருந்து பார்த்த அதே கடல். நான்காவது நிமிடத்தில் வலை உலர்த்தும் ஒருவர் கேமராவைப் பார்த்து, போ என்று கை காட்டுகிறார். படம் எடுத்தவர் போகவில்லை. வலைக்காரர் இரண்டாம் முறையும் கை காட்டுகிறார். பிறகு கலங்கரை விளக்கம். பிறகு சூரியன் கடலுக்குள் போகிறது. அந்த மனிதர் ஏன் போகச் சொன்னார் என்பது படத்தில் இல்லை."

நன்று என்றோ மோசம் என்றோ அதில் ஒரு சொல் கிடையாது. இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நடந்ததை நடந்தபடி திருப்பிச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க நான் நாகர்கோவில் பக்கமே தலைகாட்டவில்லை. தேரூரில் எங்கள் வீட்டு மச்சில் படுத்துக்கொண்டு, அந்த வலைக்காரர் என்னை ஏன் போகச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவரிடம் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை.

சிஸ்டருக்கு சினிமாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நாகர்கோவில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். குட்டையான, உறுதியான உருவம். வெள்ளைச் சட்டையின் மார்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் தலைகீழாகத் தொங்கும். யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் சிஸ்டர்.

அவரை எழுத வைத்தது ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர். எட்டுப் பக்கம், நியூஸ்பிரிண்ட் தாள், அச்சுக்கூடமும் அவருடையதே. குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு வார்டில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்கு அருகே சிஸ்டர் இன்னொரு நர்ஸிடம் சுகாதாரத் துறைக்காரர்கள் காட்டிய மலேரியா படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார். படத்தில் தொட்டித் தண்ணீரைக் கொட்டும் பெண்ணுக்கு முதலில் கையில் வளையல் இருந்தது, கொட்டி முடிக்கும்போது இல்லை என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் தையல் வலியோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சிஸ்டர், இதையே எனக்கு எழுதித் தருவியளா?"

"தரலாம். ஒரு வரி மாத்தப்படாது."

"மாத்த மாட்டேன்."

"கூட்டவும் படாது."

அப்போது இங்கே படம் எடுக்கும் பித்துப் பிடித்தவர்களாக நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேமரா. என் பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பதினாறு மில்லிமீட்டர் கேமரா அது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் முறுக்கி விட வேண்டும். ஒரு முறுக்குக்கு அரை நிமிடம் ஓடும். பிறகு நின்றுவிடும், மறுபடி முறுக்க வேண்டும். சுருளைத் தபாலில் பம்பாய்க்கு அனுப்பினால் ஒரு மாதம் கழித்துக் கழுவி வரும். வருவது ஒரே பிரதி. அது போனால் படமே போயிற்று. மலேரியா படம் காட்டும் ஆபரேட்டர் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரொஜக்டரை வாசகசாலைக்குக் கொண்டுவருவார். ஜன்னல்களைக் கம்பளியால் மூடிவிட்டு, சுவரில் வேட்டி கட்டிப் படம் பார்ப்போம்.

சிஸ்டர் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். படம் தொடங்கும்போது மார்புக் கடிகாரத்தை ஒரு தடவை நிமிர்த்திப் பார்ப்பார். முடிந்ததும் இன்னொரு தடவை. நடுவில் கண்ணை எடுக்க மாட்டார். கையில் காகிதம், பென்சில் எதுவும் இருக்காது. மறுநாள் காலை டூட்டிக்குப் போகும் வழியில் அச்சுக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போகும் தாளில் படம் முழுக்க இருக்கும்.

எங்களில் ஒருவர் கல்லூரி விரிவுரையாளர். வட்டக்கோட்டையைப் பற்றிப் பத்து நிமிடப் படம் எடுத்தார். ராஜா காலத்துப் பெருமையெல்லாம் அதில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் எழுதினார்: "ஐந்தாவது நிமிடத்தில் புல்லுக்கட்டுச் சுமந்து ஒரு பெண் கோட்டை வாசலுக்குள் வருகிறாள். கேமரா அவள் முகத்துக்கு வருமுன் நிறுத்தப்படுகிறது. மறுபடி தொடங்கும்போது வாசல் காலியாக இருக்கிறது. தரையில் புல் சிந்திக் கிடக்கிறது."

விரிவுரையாளர் என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். சிஸ்டர் வராந்தாவில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க எழுதுனது விமர்சனமா? படிச்சவங்க எல்லாரும் புல்லைப் பத்தியே கேக்காங்க."

சிஸ்டர் அடுப்பைத் தணித்தார். "சார், நான் எழுதுனதுல நடக்காதது எது?"

"அது இல்ல விஷயம்…"

"நடக்காதது ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க. அடுத்த வாரம் திருத்திப் போடச் சொல்லுதேன்."

விரிவுரையாளர் திரும்பி நடந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது என்னிடம் சொன்னார்: "இந்த அம்மா கிட்ட உஷாரா இருக்கணும் கேட்டியா. ஒரு நாள் யாரையாவது கொன்னுருவா."

அப்போது நான் சிரித்தேன்.

என் இரண்டாவது படம் ஒரு சின்னக் கதை. மழைக்காலத்தில் ஒரு தபால்காரர் வயல் வரப்பு வழியாக ஒரு கடிதத்தைக் கொண்டுபோகிறார். கொடுக்க வேண்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. தபால்காரராக நடித்தவன் என் தங்கையின் கணவன். என்னைவிட ஒரு வயது இளையவன். நான் அவனை மாப்பிள்ளை என்பேன். தங்கைக்குக் கல்யாணமாகி ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. படத்தைப் பற்றி சிஸ்டர் எழுதியதில் கடைசி வரி: "தபால்காரராக வருபவர் நடிக்கவில்லை. நனைகிறார்."

யாரையும் பாராட்டி அவர் எழுதியது என்றால், எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகையில் அந்த இடத்தை மட்டும் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினான். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கே போய் சிஸ்டருக்கு ஒரு சீப்பு ரசகதலி கொடுத்துவிட்டு வந்தான். சிஸ்டர் அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சளி பிடிச்சிருக்கு உமக்கு" என்று மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிஸ்டருக்கு அவனுடைய முகம் தெரியும்.

அந்த வருடங்களில் எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தன. தமிழ் பேசுகிற நாங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலமும் கூட்டமும் நடந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை அதில் தீவிரமாக இருந்தான். மேற்கே ஒரு சந்தை முக்கில் ஊர்வலம் என்று அவன் புறப்பட்ட நாள் நானும் கேமராவோடு போனேன். கொள்கைக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். எனக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. சிஸ்டர் ஒரு வரிகூடக் குறை காண முடியாத படம்.

ஒரு துணிக்கடையின் மாடி வராந்தாவில் இடம் கிடைத்தது. கையிலிருந்த மூன்று சுருளையும் எடுத்துத் தீர்த்தேன். கீழே என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்ததைவிடக் கேமரா வழியாகப் பார்த்ததே அதிகம். கொடி பிடித்துக்கொண்டு முன்னால் வந்த ஒருவரைப் போலீஸ்காரர்கள் மூன்று பேர் கீழே தள்ளி அடித்தார்கள். கூட்டம் கலைந்து, திரும்பி வந்தது. கல் பறந்தது. ஒரு இளம் போலீஸ்காரன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு தடியடி. நான் துணிக்கடைக்காரரின் பின்வாசல் வழியாக இறங்கி, சுருள்களை இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மறுநாளே பம்பாய்க்கு அனுப்பிவிட்டேன்.

அந்தப் போலீஸ்காரனுக்கு வலது கண் போய்விட்டது என்று இரண்டு நாளில் செய்தி வந்தது. கல்லெறிந்தவனைத் தேடுகிறார்கள் என்றும் வந்தது. மாப்பிள்ளை சாப்பிடாமல் கிடந்தான். நான் எதையும் கேட்கவில்லை.

சுருள் திரும்பி வந்தபோது ஐந்து வாரம் ஆகியிருந்தது. வாசகசாலையில் போட முடியாது. ஆசிரியர் வீட்டு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் மட்டும் பார்த்தோம்: ஆசிரியர், சிஸ்டர், நான். சத்தமில்லாத படம். புரொஜக்டரின் கறகறப்பு மட்டும்தான். ஒன்பது நிமிடம். ஏழாவது நிமிடத்தில், தெளிவான வெயிலில், மாப்பிள்ளை குனிந்து ஒரு கல்லை எடுத்தான். நிமிர்ந்தான். எறிந்தான். கேமராவுக்கு நேராக அவன் முகம் திரும்பியது.

விளக்கைப் போட்டதும் ஆசிரியர் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சிஸ்டர்," என்றேன். "இதை எழுத வேண்டாம்."

"படம் பாக்கத்தானே கூப்பிட்டே?"

"ஆமா. ஆனா…"

"பாத்தாச்சு. எழுதணுமா வேண்டாமான்னு இவருதான் சொல்லணும், இவரு பத்திரிகை." ஆசிரியரைக் காட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல அச்சுக்கூடத்தில் ஒரு தாள் வந்து விழுந்தது. ஆசிரியர் முந்தின ராத்திரியே பயந்துபோய், ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். அங்கே போய்விட்டால் அது சென்னை ராஜ்யம். இங்கத்தைய போலீஸ் எளிதில் தொட முடியாது. யாரோ படத்தைப் பற்றித் துப்புக் கொடுத்திருக்க வேண்டும், இரண்டு நாள் கழித்துப் போலீஸ் அச்சுக்கூடத்தைச் சோதித்தது. எழுத்துப் பெட்டிக்கு மேல் அந்தத் தாள் இருந்தது. ஒரே ஒரு வரிதான். "ஊர்வலப் படம். ஒன்பது நிமிடம். ஆசிரியர் கேட்டால் மீதியை எழுதித் தருகிறேன்."

அதே மத்தியானம் தேரூரில் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். ஜீப் வயற்காட்டுச் சாலையில் திரும்புவதை அப்பா பார்த்துவிட்டார். பின்கட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சுக்கு ஏறிப்போய்ப் பெட்டியோடு சுருளை எடுத்துவந்து அடுப்புக்குள் தள்ளினார். அது குபீரென்று எரியவில்லை. உருகி, சுருண்டு, புளித்த காடிபோல் நாறிக்கொண்டு கரியாயிற்று. போலீஸார் வீட்டைக் கலைத்துப்போட்டுவிட்டு, கேமராவையும் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். தங்கை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம்.

படம் இனி உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஜீப்பில் போகும்போதே எனக்கு அது புரிந்துவிட்டது. ஆசிரியர் அகப்பட மாட்டார். நான் செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் சிஸ்டர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. மறந்துவிட்டது என்று அவர் சொன்னால் எந்தக் குழந்தையும் நம்பாது.

ஜீப் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. மேட்ரன் அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஏட்டு, நோட்டும் பேனாவுமாக. என்னைச் சுவரோரம் நிறுத்தினார்கள். சிஸ்டர் வந்தார். கையில் மருந்து வாடை. மேட்ரன் நாற்காலியைக் காட்டினார், சிஸ்டர் உட்காரவில்லை.

இன்ஸ்பெக்டர் வடக்கே இருந்து வந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். அந்த ஒற்றை வரித் தாளை மேஜைமேல் வைத்தார்.

"இது சிஸ்டரோட எழுத்துதானே?"

"ஆமா."

"படம் கண்டதா?"

"கண்டேன்."



"கல்லெறிஞ்சவனும் அதுல உண்டா?"

"உண்டு."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "முகம் காணாமோ?"

"நல்லாத் தெரியும்."

"ஆரு அவன்? அது மட்டும் சொன்னா மதி. வேற ஒண்ணும் வேண்டாம்."

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. "அது ஏழாவது நிமிஷம், சார். முதல் நிமிஷத்துல இருந்து சொல்லுதேன். எழுதச் சொல்லுங்க."

"ஏழாவது மதி சிஸ்டரே."

"பாதியில இருந்து எழுதுன சார்ட்ல நான் கையெழுத்துப் போடுதது கிடையாது. வாக்குமூலம்னா கையெழுத்துப் போடணும் இல்லையா?"

இன்ஸ்பெக்டர் மேட்ரனைப் பார்த்தார். மேட்ரன் ஜன்னலைப் பார்த்தார். "சரி," என்று இன்ஸ்பெக்டர் ஏட்டுக்குக் கை காட்டினார். ஏட்டு நோட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் சொல்லத் தொடங்கினார். நோயாளியின் நிலையை டாக்டரிடம் சொல்லும் குரல் அது. முதல் நிமிடம்: சந்தை, மரச்சீனிக் கிழங்குக் குவியல், ஒரு வண்டி மாடு, கடைகள் அடைக்கப்படுகின்றன. இரண்டாவது நிமிடம்: ஊர்வலம் வருகிறது, முன்வரிசையில் ஆறு பேர், கையில் கொடி தவிர வேறொன்றும் இல்லை. ஏட்டின் பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழுக்கு இன்னும் ஐந்து இருந்தது.

"மூணாவது நிமிஷம். கொடி பிடிச்ச ஆளு சட்டை போடல, கழுத்துல துவர்த்துத் துண்டு. போலீஸ்காரங்க மூணு பேரு வழி மறிக்காங்க. அவரு நிக்காரு. ஓடல. ஒரு போலீஸ்காரர் கொடியைப் பிடுங்குதாரு, ஒருத்தர் காலைத் தட்டி விடுதாரு. கீழ விழுந்த பொறவு மூணாவது ஆளு தடியால அடிக்காரு. நான் எண்ணுனது எட்டு அடி. அஞ்சாவது அடிக்கு மேல கீழ கெடந்தவருகிட்ட அசைவு இல்ல."

பேனாவின் சத்தம் குறைந்தது.

"அடிச்சவரு ஏட்டு. சட்டைக் கையில மூணு பட்டை. இடது கைக்காரர்."

அப்போதுதான் நான் கவனித்தேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டரே," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

"இவருதான் சார். இவரைப் போலன்னு சொல்லல. இவரேதான். அடி வாங்குனவரு நாலு நாள் என் வார்டுல கெடந்தாரு. டாக்டர் எழுதுன சார்ட் ரெக்கார்டு ரூம்ல இருக்கு. எழுதுங்க. அடுத்தது நாலாவது நிமிஷம்."

யாரும் எழுதவில்லை. ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். வெளியே வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி உருண்டு போனது. இன்ஸ்பெக்டர் எழுந்து சிஸ்டரின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"வேலை போவும். அறியுமோ?"

"தெரியும்."

"மூணாவதை விட்டுட்டு ஏழாவதுக்கு வா."

"மூணு இல்லாம ஏழு இல்ல, சார்."

அவர் நோட்டை ஏட்டின் கையிலிருந்து வாங்கினார். எழுதிய பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஏட்டு என் பக்கம் பார்க்காமலே அவர் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு போலீஸ்காரர் வந்து, என்னைப் போகலாம் என்றார். கேமராவைத் தரவில்லை.

வார்டு வாசலில் ஓடிப்போய் சிஸ்டரைப் பிடித்தேன். காலில் விழுந்திருப்பேன், அவர் விலகிக்கொண்டார்.

"என் தங்கச்சி தாலியைக் காப்பாத்திட்டிய சிஸ்டர்."

"நான் ஆரையும் காப்பாத்தல."

"அந்த ஏட்டு மட்டும் எழுத்தை நிறுத்தாம இருந்திருந்தா…" என்று சொல்லிச் சிரித்தேன். பயம் விட்டுப்போன சிரிப்பு.

"நிறுத்தாம இருந்திருந்தா ஏழாவது நிமிஷத்துக்கு வந்திருப்பேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. "பேரைச் சொல்லியிருப்பியளா?"

"கேட்டுருந்தாச் சொல்லியிருப்பேன்."

"சிஸ்டர், அவன் உங்களுக்குப் பழம் கொண்டாந்து குடுத்தவன்."

அவர் வார்டுக்குள் கை காட்டினார். மூன்றாவது கட்டிலில் அந்த இளம் போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தான். பாதி முகம் கட்டு. யாரோ வைத்துவிட்டுப் போன கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினான். கை கிண்ணத்துக்கு அரைச் சாண் தள்ளிப் போனது. மறுபடி நீட்டினான்.

"இருபத்தோரு வயசு," என்றார் சிஸ்டர். "கண்ணுல சீழ் வச்சு மறுபடி வந்து கெடக்கான். தூரம் பிடிபடல இன்னும். தெனம் நான்தான் கட்டு மாத்துதேன். அவன்கிட்ட நான் என்னத்தச் சொல்லட்டும்? படத்துல ஏழாவது நிமிஷம் கெடையாதுன்னா?"

எனக்கு அவர்மேல் வந்தது நன்றி இல்லை. பயமும் வெறுப்பும்தான். வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் நடந்ததைச் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னதையும் சொன்னேன். அவன் சட்டைப் பையிலிருந்த கத்தரித்த தாளை எடுத்து முற்றத்தில் போட்டான். தங்கை குனிய முடியாமல் குனிந்து அதை எடுத்தாள்.

"எதுக்கு எடுக்கா?" என்றான்.

"அந்த அம்மா பொய் சொல்லமாட்டாங்கல்லா," என்றாள் அவள். "நீங்க நல்லா நனைஞ்சியன்னு சொன்னதும் அவங்கதானே."

மறுநாள் அவன் திருநெல்வேலிக்குப் போய்விட்டான். குழந்தை பிறந்ததை அவன் கடிதத்தில்தான் அறிந்தான். கல்லெறிந்தவன் யாரென்று தெரியாமலே அந்த வழக்கு மெல்லத் தேய்ந்து போயிற்று. எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான் அவன் பயமில்லாமல் வீட்டு நடையேறினான்.

சிஸ்டருக்கு வேலை போகவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. வடக்கே, கொச்சிக்கும் அப்பால் ஏதோ ஒரு மலையடிவார ஆஸ்பத்திரி என்றார்கள். நான் அதுவரை அவரைப் போய்ப் பார்க்கவில்லை. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் புறப்படும் நாள் காலையில் சைக்கிள் தானாக பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியது.

தகரப் பெட்டி ஒன்று, படுக்கைச் சுருட்டு ஒன்று. தனியாக நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டு ஆச்சரியப்படவுமில்லை, சந்தோஷப்படவுமில்லை.

"படத்தைப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதலியே சிஸ்டர்," என்றேன். கேட்ட பிறகுதான், இத்தனை நாளும் எனக்குள் கிடந்து அரித்தது அதுதான் என்று தெரிந்தது. இவ்வளவு நடந்த பிறகும் நான் அதைத்தான் கேட்டேன்.

"இப்பச் சொல்லவா?"

"சொல்லுங்க."

பஸ்ஸின் மேலே பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏழாவது நிமிஷத்துல உன் கை ஆடுச்சு மக்கா. அவன் குனிஞ்சு கல்லை எடுத்ததுமே ஆடுச்சு. படம் முழுக்க அந்த ஒரு இடத்துலதான் ஆடுச்சு. அதனாலதான் அவன் உனக்கு வேண்டப்பட்டவன்னு, முகம் திரும்புததுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சுது."

நான் தலையாட்டினேன். அது உண்மை.

"மூணாவது நிமிஷத்துல ஆடல. ஒரு மனுஷனை எட்டு அடி அடிச்சானுவ. நீ முறுக்கி விட்டது தீருத வரைக்கும், ஒரு சாவி முழுக்க, அசையாம எடுத்திருக்கா. நல்லாத் தெளிவா இருந்துச்சு."

கண்டக்டர் விசில் ஊதினார். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். "அவ்வளவுதான் படம்," என்றார். பஸ் போய்விட்டது.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. மேற்கே போகும் பஸ்ஸில் ஏறி, அந்தச் சந்தை முக்கில் இறங்கி, கொடி பிடித்து வந்த மனிதரைத் தேடினேன். அரை நிமிடம் அவர் முகத்தைப் படம் எடுத்தவனுக்கு அவர் பெயர் தெரியாது. துணிக்கடைக்காரர் கதவை அடைத்தார். ஒரு கிழங்கு வியாபாரிதான், குலசேகரம் போகும் வழியில் ஒரு பனையேறி இருக்கிறார், போய்ப் பாரும் என்றார். நடந்தேன். வெயில் சாயும் நேரத்தில் அந்தக் குடிசையைக் கண்டுபிடித்தேன். ஒரு பெண் வாசலில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆராக்கும் நீ? போலீஸா?"

"இல்லம்மா. நான் அன்னைக்கு அங்கன இருந்தேன். உங்க வீட்டுக்காரரை அடிக்கும்போது மாடியில நின்னேன்."

கத்தியை நிறுத்தினாள். "மாடியில நின்னியா? நின்னு என்ன செய்தா?"

உள்ளேயிருந்து அவர் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். "விடு பிள்ளே," என்று அவளிடம் சொல்லிவிட்டு எனக்குப் பாய் விரித்தார். கருப்பட்டிக் காப்பி தந்தார்கள். பெயரைக் கேட்டேன், சொன்னார். வேறெதுவும் என்னால் கேட்க முடியவில்லை. நான் பேசும்போதெல்லாம் அவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நியாயம்தான் என்று தோன்றியது.

அவருடைய பெயரையும் ஊரையும் ஒரு கார்டில் எழுதி சிஸ்டருக்கு அனுப்பினேன். போய்ப் பார்த்தேன் என்றும் எழுதினேன். எனக்குள் ஏதோ ஒரு பாரம் இறங்கிவிட்டது போலிருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அதே கையெழுத்து, அதே இடைவெளி. இரண்டே வரி.

"பெயர் எனக்குத் தெரியும். இடது காது கேட்கிறதா என்று பார்த்து எழுதவும்."

கார்டோடு தெருவில் நின்றேன். அவர் முகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார் என்று யோசித்தேன். வலது காதுதான் என் பக்கம் இருந்தது. அத்தனை நேரமும் நான் பேசுவதைக் கேட்கத்தான் முயன்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே மறுபடி மேற்கே போனேன்.